பேனா பிடித்த சிலை

"மேடையில அண்ணி உக்காரக் கூடாது. உக்காந்தா நான் விழாவுக்கே வர மாட்டேன்!"

விடிந்தும் விடியாததுமாக நாத்தனார் கூடத்தில் நின்று வெடித்தாள். அவளுடைய அண்ணன் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். வீட்டில் சண்டை என்றால் அந்த மனிதனுக்கு உலகச் செய்தி அவசரமாகிவிடும்!

அண்ணி பால் வாளியோடு நின்றிருந்தாள்.

"வயசான காலத்துல எங்கம்மாவைத் தொழுவத்துல உக்கார வச்சுப் பால் கறக்க விட்டாங்களே… டவுன்ல நான் தனி ரூம், மேஜை, நாற்காலின்னு ராணி மாதிரி வச்சிருந்தேன். இவங்க வந்து நைசாப் பேசிக் கூட்டிட்டு வந்துட்டாங்க. எதுக்கு? சம்பளமில்லாத வேலைக்காரி வேணுமில்ல!"

"விடும்மா, இன்னிக்கு நல்ல நாள்…" என்றது செய்தித்தாள்.

நல்ல நாள்தான். மறைந்த அந்த அம்மாவுக்கு ஊர் மணிமண்டபம் கட்டித் திறக்கிற நாள். எப்பேர்ப்பட்ட மனுஷி! பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். ஆனால், ஊரில் புருஷனைப் பறிகொடுத்தவள் இந்த அம்மாவின் பாட்டைச் சொல்லித்தான் அழுவாள். பிள்ளை பெற்றவள் அவள் பாட்டைச் சொல்லித்தான் தாலாட்டுவாள். வெளியூர்க்காரர்கள் இந்த ஊரின் பெயரைக் கேட்டால், "அந்தப் பாட்டுக்காரம்மா ஊரா?" என்பார்கள்.

மருமகளுக்கோ ஊர் வைத்த பெயர் கல்லுமனசுக்காரி. பத்திய சமையலும் வெந்நீருமாக மாமியாருக்குப் பார்த்துப் பார்த்துச் செய்தவளுக்கு இந்தப் பட்டம்! கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவள் தொழுவத்துக்குப் போனாள்.

நாத்தனார் பின்னறையில் விழாவுக்காக அம்மாவின் கடைசிப் பாட்டைச் சொல்லிப் பார்த்தாள். கல்லூரியில் பாடம் நடத்துகிறவள்தான். ஆனாலும் மூன்றாவது அடியில் மூச்சு முட்டியது. வேகமாகச் சொன்னாலும் சரியில்லை, இழுத்துச் சொன்னாலும் சரியில்லை. அலுத்துப்போய் ஜன்னலோரம் நின்றாள்.

தொழுவத்தில் பால் வாளியில் விழத் தொடங்கியது. சர்… சர்… ஒரு கை, மறு கை. கொஞ்சம் ஓய்வு. மறுபடி சர்… சர்…

அவளை அறியாமல் வாய் அசைந்தது.

*போறதெல்லாம் போகட்டுமே,
பூக்கிறது பூக்கட்டுமே,
நானிருக்கும் எடந்தேடி
நாளைக்கு நீ வந்து நிப்பே.*

எங்கும் தடுக்கவில்லை! பால் விழுந்த இடத்தில் சொல் விழுந்தது, கை ஓய்ந்த இடத்தில் மூச்சு கிடைத்தது. செருப்புக்கூடப் போடாமல் தொழுவத்துக்கு ஓடினாள்.

"அண்ணி! அம்மா பாட்டு கட்டினது… இங்கயா?"

அண்ணியின் கை மடியிலேயே நின்றது.

"சொல்லுங்கண்ணி!"

"அத்தைக்குக் கறக்கும்போதுதான் பாட்டு வரும். கறந்து முடிச்சுக் கை கழுவிட்டு வந்து எழுதுவாங்க."

"அப்போ என் வீட்ல…?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரு வரிகூட வரலம்மா. போன்ல குழந்தை மாதிரி அழுதாங்க. 'பாட்டு வத்திப்போச்சு, என்னைக் கூட்டிட்டுப் போயிடு'ன்னாங்க. அதான் வந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"ஆசை ஆசையா மேஜை போட்டுக் குடுத்த பொண்ணு, தெரிஞ்சா நொறுங்கிப் போயிடுவான்னு சத்தியம் வாங்கிட்டாங்க. ஊரு என்னைத்தானே திட்டுது, திட்டிட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன்…"

"ஐயோ அண்ணி! என் மனசு நோகக் கூடாதுன்னா இத்தனை பேச்சையும் கேட்டுக்கிட்டு இருந்தீங்க?" நாத்தனார் சாணித் தரையென்றும் பாராமல் மண்டியிட்டு அண்ணியைக் கட்டிக்கொண்டாள். விழாவுக்குக் கட்டிய பட்டுப் புடவை பாழாயிற்று. இருவரும் அழுத அழுகையில் மாடே திரும்பிப் பார்த்தது.

மணிமண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. நாத்தனார் அண்ணியைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துவந்து, சிலையின் திரையை அவள் கையாலேயே விலக்க வைத்தாள். மேஜைமுன் பேனா பிடித்தபடி அம்மா உட்கார்ந்திருந்தாள். மகள் சொல்லிச் செய்த சிலை அது.

மகள் ஒலிபெருக்கியைப் பிடித்தாள்.

"இது நான் பாத்த அம்மா. அவங்க பாட்டு கட்டினது தொழுவத்துல. அந்த இடத்தை அவங்களுக்குத் திருப்பிக் குடுத்தவங்க எங்கண்ணி. நாம கல்லுமனசுக்காரின்னு சொன்னோமே… முதல்ல சொன்னவ நான்தான்! இவங்க இல்லைன்னா இந்தக் கடைசிப் பாட்டும் இல்லை."

கல்லுமனசுக்காரி என்று வாய் ஓயாமல் சொன்ன பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அண்ணன் முன்வரிசையில் தேம்பினான். மறைத்துக்கொள்ள இன்று செய்தித்தாள் இல்லை.

நாத்தனார் வீட்டிலிருந்து கொண்டுவந்த பால் வாளியைச் சிலையின் காலடியில் வைத்தாள்.

"இது இங்கேயே இருக்கட்டும்."

அண்ணி பதறிப்போய் அவள் காதில் கிசுகிசுத்தாள். "ஐயய்யோ, சாயங்காலம் எதுல கறக்கறது?"

நாத்தனாருக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணியின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"வேற வாளி வாங்கிக்கலாம் அண்ணி. சாயங்காலம் எனக்குக் கறக்கச் சொல்லிக் குடுங்க… எங்கம்மா பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்."