புகையில் தொலைந்த தொள்ளாயிரத்து முப்பது பேர்

செத்துக் கிடந்தவனின் செல்போன் அடித்தது!

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் அதை எடுத்தார். பேசவில்லை. உறுமினார்.

"ம்..."

"எண்ணை மாத்திட்டியா, இல்லையா? பத்து மணிக்கு ரிப்போர்ட் மந்திரி மேஜையில இருக்கணும்!"

லைன் கட்!

காலை எட்டரை. புள்ளிவிவர அலுவலகத்தின் மூன்றாவது மாடி. கம்ப்யூட்டர் முன்னால் கவிழ்ந்து கிடந்தான், ஆய்வாளன். உதடு நீலம். வாயோரம் நுரை. பக்கத்தில் பாதி குடித்த காபி...

ஜன்னலைத் தொட்ட இன்ஸ்பெக்டரின் விரலில் கரி ஒட்டியது. எதிரே உருக்காலையின் ஏழு புகைபோக்கிகள் கறுப்பாய்க் கக்கிக்கொண்டிருந்தன.

சீ!

"என்ன ரிப்போர்ட்மா அது?"

பக்கத்து சீட்டுப் பெண்மணி நிமிர்ந்தாள். இருபது வருட சீனியர். போலீசுக்குப் போன் செய்தவள் அவள்தான்.

"அந்தப் புகைபோக்கிகளுக்கு வடிகட்டி மாட்டச் சட்டம் வந்தா என்ன லாபம்னு கணக்கு சார். வருஷத்துக்கு ஆயிரத்து இருநூத்தி நாப்பது உயிர் தப்பும். ஆஸ்பத்திரிச் செலவு, வேலைக்குப் போகாத நாள் எல்லாம் மிச்சமாகி, போட்ட காசைப் போல நாலு மடங்கு திரும்பி வரும். இப்போ ஸ்கிரீனைப் பாருங்க."

முந்நூற்றுப் பத்து!

"மீதி தொள்ளாயிரத்து முப்பது பேர் எங்கம்மா?"

அவள் பதில் சொல்வதற்குள் டைரக்டர் மூச்சிரைக்க நுழைந்தார்.

"அடப்பாவமே! ஹார்ட் அட்டாக்கா?"

இன்ஸ்பெக்டர் அந்தச் செல்போனில் கடைசி எண்ணைத் தட்டினார்.

டைரக்டரின் சட்டைப்பை பாடியது!

"நீங்கதானா சார் அது?"

டைரக்டர் அவசரமாய்ப் போனை அணைத்தார்.

"எண்ணைத்தான் மாத்தச் சொன்னேன்! அறுபது வயசு தாண்டினவங்களைக் கணக்குல எடுக்காதேன்னேன். எப்படியும் போகப் போறவங்கதானே? அவங்க செத்தா நாட்டுக்கு என்ன நஷ்டம்?"

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். எத்தனையோ பிணம் பார்த்தவர். இப்படி ஒரு நாற்றத்தை முகர்ந்ததில்லை.

"அவன் மாட்டேன்னான். காபியில விஷத்தைக் கலந்து, எண்ணை நீங்களே மாத்திட்டு, தெரியாத மாதிரி போன் போட்டீங்க!"

"ஐயோ, சத்தியமா இல்லை!"

க்ளிக்! விலங்கு பூட்டியது.

"அவர் கொலை பண்ணலை சார்."

அந்தப் பெண்மணி! குரலில் நடுக்கமே இல்லை.

"இவன் மாட்டேன்னு சொல்லவே இல்லை. காலையில வந்ததும் மாத்திட்டான். ஆபீஸ் எலிக்கு வாங்கி வெச்ச விஷத்தைக் கலந்தது நான்."

"ஏம்மா?!"

"என் வீட்டுக்காரர் போன மாசம்தான் இந்தப் புகையில நெஞ்சடைச்சுப் போனார். அறுபத்தொண்ணு. இவன் ஒரு பட்டனைத் தட்டினான்... அவர் கணக்குலயே இல்லாமப் போயிட்டார். தட்டிட்டு, சிரிச்சுக்கிட்டே காபி கேட்டான். கொடுத்தேன்."

"வாயைத் திறக்காம இருந்திருந்தா, பழி இவர் மேல போயிருக்குமே?"

"பொய்க் கணக்கு எனக்கு ஆகாது சார். நிஜ ரிப்போர்ட்டை எட்டு மணிக்கே எல்லாப் பத்திரிகைக்கும் அனுப்பிட்டேன்."

டைரக்டர் ஆவலாய் விலங்கை நீட்டினார்.

"அப்போ... நான் போகலாமா?"

"உங்க வயசு?"

"அறுபத்திரண்டு. எக்ஸ்டென்ஷன்ல இருக்கேன்..."

"அப்படின்னா பொய்க் கணக்குக் கேஸ்ல உங்களை உள்ளே தள்ளினா நாட்டுக்கு நஷ்டமே இல்லை. இந்தம்மாவோட நீங்களும் ஜீப்புல ஏறுங்க!"