நாற்பத்தொரு லிம்பெட்டும் அப்பாவும்

பொன்செல்வி குளித்துவிட்டு வரப் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். அதற்குள் அப்பா அவளுடைய ஒரு மாத வேலையைக் காலி செய்துவிட்டார்.

"வந்து பாரு மக்களே," என்றார் தாணுலிங்கம் பெருமையாக. அவர் பழவங்காடியில் பட்டன் கடை வைத்திருப்பவர். "சிதறிக் கெடந்த சிப்பிய எல்லாம் அடுக்கி வச்சிருக்கேன்."

கடையிலிருந்து கொண்டுவந்த பட்டன் தட்டில் நாற்பத்தொரு ஓடுகளும் இருந்தன. பெரிசு ஒரு ஓரம், பொடிசு ஒரு ஓரம். அவள் வகை பிரித்து வைத்திருந்த மூன்று கிண்ணங்களையும் கழுவிக் கவிழ்த்திருந்தார்.

பொன்செல்விக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. விழிஞ்ஞம் பாறைகளில் வெயிலில் அலைந்து பொறுக்கிய காலி ஓடுகள் அவை. ஒன்பது மணிக்குப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அதில் ஒருவரைத்தான் மாவட்டப் போட்டிக்கு அனுப்புவார்கள்.

"எப்பா, இது சிப்பி இல்ல, லிம்பெட். பாறையில ஒட்டிக்கிட்டு இருக்கிற நத்தை. மூணு வேற வேற வகை. எல்லாத்தையும் கலந்துட்டீங்களே."

"எல்லாம் தொப்பி மாதிரித்தான இருக்கு? சைஸுதான் வேற."

ஒரு மாதமாக எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

அவள் அப்பாவின் கடைப் பையைத் துழாவி இரண்டு பட்டன்களை எடுத்தாள். இரண்டும் கறுப்பு, வட்டம், ஒரே அளவு.

"இது ரெண்டையும் ஒரே டப்பாவுல போடுவீங்களா?"

அப்பா இரண்டையும் திருப்பிப் பார்த்தார். "எப்படிப் போடுவேன்? இது பின்னால வளையம் வச்ச கோட்டு பட்டன். இது பிரஸ் பட்டன். கடைப் பேரே கெட்டுப் போயிரும்லா."

"அதேதான்." அவள் ஓர் ஓட்டைத் தூக்கிக் காட்டினாள். "உச்சியில துளை இருந்தா ஒரு வகை. மத்ததத் திருப்பிப் பாக்கணும். உள்ள குதிரை லாடம் மாதிரி தழும்பு இருக்கா? லாடத்தோட வாய் தலைப்பக்கம் இருந்தா அது நெஜ லிம்பெட். வலப்பக்கம் ஒதுங்கியிருந்தா அது காத்துல மூச்சு விடுற வேற நத்தை. உருவம்தான் ஒண்ணுபோல."

அப்பா அந்த ஓட்டை வாங்கி உள்ளே பார்த்தார். "தெரியாமச் செஞ்சிட்டேன் மக்களே," என்றார் மெதுவாக.

அவர் முகத்தைப் பார்த்த பிறகு அவளால் கத்த முடியவில்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

"உக்காருங்க. சேந்து பிரிப்போம்."

இருபது ஓடுகள் பிரித்து முடிப்பதற்குள் வாசலில் ஆட்டோ வந்துவிட்டது. தட்டில் இன்னும் இருபத்தொன்று அப்பா அடுக்கிய வரிசையிலேயே இருந்தன. பொன்செல்வி யோசித்தாள். பிறகு ஓர் அட்டையை எடுத்து, 'மேலே மட்டும் பார்த்து அடுக்கியது' என்று எழுதினாள்.

"இத இப்படியே கொண்டு போறேன்."

"அப்போ அதுல எம்பேரும் எழுதிரு."

"தப்பா அடுக்கினதுக்கா?"

"தப்புதான். ஆனா வரிசை சுத்தமா இருக்குல்லா."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, 'அடுக்கியவர்: தாணுலிங்கம் (அப்பா)' என்று எழுதினாள்.

கண்காட்சியில் கௌசல்யா டீச்சர் நேராக அந்தத் தட்டின் முன்னால்தான் நின்றார். அட்டையைப் படித்தார். "மேல மட்டும் பாத்தா என்ன தப்பு? எல்லாம் ஒண்ணுதானே?"

பொன்செல்வி பெருமூச்சு விட்டாள். "ஒண்ணைத் திருப்பிப் பாருங்க டீச்சர்."

டீச்சர் ஒன்றைத் திருப்பினார். இன்னொன்றைத் திருப்பினார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவளிடம் கேட்டுக் கேட்டு இருபத்தொன்றையும் பிரித்தார். பின்னால் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள்.

"மாவட்டப் போட்டிக்கு நீதான் போற," என்றார் எழுந்தபோது. "அங்கயும் தட்டு வேணும். மறுபடி அப்பாவையே அடுக்கச் சொல்லு."

இதை மட்டும் அப்பாவிடம் சொல்லவே கூடாது, சொன்னால் தலைகால் புரியாமல் ஆடுவார் என்று பொன்செல்வி முடிவு செய்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் பட்டன் கடையில் இறங்கி, முதல் வேலையாக அதைத்தான் சொன்னாள்.