உள்பக்கப் பொத்தான்

நாலாம் அறைக்குள்ளிருந்து யாரோ கதவைத் திறக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தியிருந்தார்கள். இன்று மத்தியானம் இரண்டு பத்துக்கு. சீல் வைத்து இருபது நாளான அறை அது.

அவன் கண்ணைக் கசக்கிவிட்டுத் திரையை மறுபடி பார்த்தான். விடுமுறை நாள், ஆபீசில் ஈ காக்காய் இல்லை. ஏசி ஓடாததால் தரைவிரிப்பிலிருந்து பழைய ஈர வாடை கிளம்பியிருந்தது, கடைசி வரிசையில் யாரோ அணைக்க மறந்த மின்விசிறி கிரீச் கிரீச்சென்று முனகிக்கொண்டிருந்தது, ஜன்னல் திரையின் நிழல் காலி நாற்காலிகள் மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. "சென்சார் கோளாறு," என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான். புரோகிராமருக்கு எல்லாமே கோளாறுதான், தன்னைத் தவிர.

வந்த வேலை சின்ன வேலை. ஒரே ஒரு வரி. குளிர்பதனக் கிடங்குகளின் கதவுகளை இயக்குகிற சாப்ட்வேர் அவர்களுடையது. அதில் அட்மின் பக்கம் என்று ஒன்று உண்டு, அதைத் திறந்து உட்கார்ந்தால் எங்கிருந்தும் எந்த அறையையும் பூட்டலாம். பதினொரு மாதத்துக்கு முன்னால் வாடிக்கையாளருக்குப் போட்டுக் காட்டிய அன்று லாகின் மக்கர் பண்ணியது. மேனேஜர் கழுத்தில் கத்தி வைக்காத குறை. பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிற அந்த வரிக்கு முன்னால் இரண்டு கோடு போட்டு, கம்ப்யூட்டர் அதைத் தாண்டிப்போகும்படி தூங்கவைத்தான். நாளைக்கு எழுப்பிவிடலாம் என்றுதான். நாளை நாளை என்று பதினொரு மாதம் ஓடிவிட்டது. பக்கத்தின் முகவரி தெரிந்த எவனும் கேள்விமுறை இல்லாமல் உள்ளே வரலாம் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

எவனோ வந்தான். யாரென்று இன்றுவரை தெரியாது, பதிவில் பெயர் இருக்கவேண்டிய இடம் காலி. விளையாட்டாகவோ வினையாகவோ நாலாம் அறையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டான். உள்ளே ஒருவர் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். நெட்டை என்று கூப்பிடுவார்களாம். அட்மின் பக்கத்திலிருந்து பூட்டினால் உள்பக்கப் பொத்தான் கதவைத் திறக்காது, அழுத்தியதைப் பதிவு மட்டும் செய்யும். நெட்டை நூற்றுநாற்பத்தாறு தடவை அழுத்தியிருந்தார்.

மறுநாள் அவரை விறைத்த உடலாகத்தான் வெளியே எடுத்தார்கள், அறைக்குச் சீல் விழுந்தது. பதிவிலிருந்து அத்தனை வரியையும் இவன் அழித்தான். பூட்டில் குறையில்லை, பொத்தான் அழுத்தப்படவே இல்லை என்று விசாரணைக்கு எழுதிக்கொடுத்தான். குடித்துவிட்டு உள்ளேயே தூங்கியிருப்பார் என்று ஊர் பேசியது. நெட்டையின் மனைவி ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். "அவரு குடிக்கவே மாட்டாரு தம்பி. ஒரு தடவையாச்சும் அழுத்தியிருப்பாருல்ல?"

"இல்லைங்கம்மா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அன்றிலிருந்து அவனுக்குச் சோறுதான் இறங்கவில்லை.

நாளைக் காலை வெளியிலிருந்து ஒருவர் சாப்ட்வேரைச் சோதிக்க வருகிறார். அதற்குள் அந்த வரியை எழுப்பிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டு கோட்டையும் அழித்தான். சேமித்தான். அட்மின் பக்கம் இப்போது சமர்த்தாகப் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது.

பக்கத்தில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு முப்பத்தொன்று, நாலாம் அறை, உள்பக்கப் பொத்தான். மறுபடி முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. அறையின் வெப்பநிலை மைனஸ் பதினெட்டு. குளிரூட்டும் மெஷினையே நிறுத்தி இருபது நாளாகிறது.

ஒருவேளை நிஜமாகவே யாராவது மாட்டிக்கொண்டிருந்தால்? கிடங்கின் காவலாளிக்குப் போன் போட்டான்.

"அண்ணே, நாலாம் ரூம் பக்கம் யாராவது போனாங்களா?"

"சீல் வச்ச ரூமுக்கு யார் சார் போவா?"

"ஒரு எட்டு பாத்துட்டு வாங்கண்ணே."

செருப்புச் சத்தம் போனில் கேட்டது, சாவிக்கொத்து குலுங்கியது, நீளமான நடைபாதையில் அந்தச் சத்தம் எதிரொலித்துக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது.

"சார்." குரல் தேய்ந்திருந்தது. "உள்ள தட்டுறாங்க."

அவன் திரையைப் பார்த்தான். இன்னொரு வரி விழுந்தது.

"என்கிட்ட இருக்கற சாவி இதுக்குச் சேராது. அங்கேருந்து தொறக்க முடியுமா சார்?"

முடியும். ஆனால் இப்போது திறந்தால் அவன் பெயர் பதிவில் விழும். சீல் வைத்த அறையை ஏன் திறந்தான் என்று நாளை வருகிறவர் பதிவைத் தோண்டுவார். அப்புறம் நூல் பிடித்த மாதிரி எல்லாம் வெளியே வரும். வேலை போகும். ஜெயில்கூட.

"முடியாதுண்ணே."

"அய்யோ, சத்தம் கொறையுது சார்! ஒரு உசுரு சார்!"

இரண்டு முப்பத்தொன்பது. நாற்பத்தொன்று. நாற்பத்தாறு. இடைவெளி நீண்டுகொண்டே போனது. அன்றும் இப்படித்தான் நீண்டது. அழிப்பதற்கு முன்னால் அத்தனை வரியையும் அவன் படித்திருந்தான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். "நான்தான்," என்றான். "நான்தாண்ணே பண்ணேன். அவரு அழுத்தினாரு. நான்தான் அழிச்சேன்."

பெயரை அடித்தான். பாஸ்வேர்டு. தப்பு. மறுபடி. திற.

போனில் இரும்புக் கதவு கரகரவென்று விலகியது. பிறகு காவலாளியின் மூச்சு மட்டும்.

"யாருண்ணே? உயிரோட இருக்காங்களா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"அண்ணே!"

"நம்ம நெட்டை சார்." அந்தக் குரலில் பயம்கூட இல்லை. "நின்னுக்கிட்டுதான் இருக்காரு. இமையெல்லாம் பனி."

அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தான்.

"கையை நீட்டுறாரு சார். போனைக் கேக்குறாரு."

"குடுக்காதீங்க! அண்ணே, குடுக்காதீங்க!"

ஏதோ உரசியது. அப்புறம் காதோரம் பல்லோடு பல் அடித்துக்கொள்ளும் சத்தம். கட் பண்ணவேண்டும். கட்டைவிரல் அசையவில்லை. போன் பட்ட கன்னம் விறைத்துக்கொண்டு வந்தது. பிறகு காது. பிறகு தாடை.

பல் சத்தம் நின்றது. பேசப்போகிறவர் இழுப்பதுபோல, மெதுவாக, ஒரு மூச்சு உள்ளே போனது.