நூற்றெழுபது மைல்

அகஸ்ரினின் இரண்டாவது அழைப்பு வந்தபோது கிளடிஸ் சுவர்க் கடிகாரத்தைத்தான் முதலில் பார்த்தாள். பிற்பகல் மூன்று ஐம்பது. வடக்கே லூன் நரோஸிலிருந்து விமானம் கிளம்புகிறது என்று அவன் முதல் அழைப்பில் சொன்னது மூன்று நாற்பத்தாறுக்கு. அங்கிருந்து அது இறங்கவேண்டிய ஃபொக்ஸ் இன்லெற் நூற்றெழுபது மைல். அந்தப் பழைய விமானம் அறுபத்தைந்து நிமிடத்துக்குக் குறைந்து ஒருநாளும் போனதில்லை.

“வந்திட்டம்,” என்றான்.

“நாலு நிமிஷத்திலயோ? எங்க நிக்கிறியள்?”

“வந்திட்டம்.”

அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

1996 தை மாதம். ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மாடியில், வடக்கே சாமான் அனுப்பும் சின்னக் கம்பெனி ஒன்றின் கந்தோர். விமானங்கள் கிளம்புவதையும் இறங்குவதையும் போனில் கேட்டு எழுதுவதும், யார் போவது என்று அட்டவணை போடுவதும் கிளடிஸின் வேலை. அகஸ்ரின் விமானத்தோடு போய்ச் சாமான் இறக்குபவன். காய்ச்சல், இந்த முறை ஏலாது என்று முந்தாநாள் வந்து கெஞ்சினான். “நடிக்காதையும். நீர்தான் போறீர்,” என்று எல்லோர் முன்னாலும் கத்தி அனுப்பினாள்.

அவள் ஃபொக்ஸ் இன்லெற்றுக்குப் போன் எடுத்தாள். அங்கிருந்தவர் ஆங்கிலத்தில் எரிந்து விழுந்தார். ஒன்றும் இறங்கவில்லை, இறங்க இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறதே, ஏன் கேட்கிறாய்?

பனி கொட்டத் தொடங்கியதால் மற்றவர்கள் நேரத்தோடு போய்விட்டார்கள். ஜன்னலில் வெளிச்சம் சாம்பலாகி, நீலமாகி, அணைந்தது. ஹீற்றரிலிருந்து தூசி கருகும் மணமும், கதவடியில் கிடந்த சப்பாத்துகளின் ஈரக் கம்பளி மணமும், கீழே கடையில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடும் ஓசையும் ஒன்றாகக் கலந்து அறையை நிரப்பின.

ஐந்தேகாலுக்கு லூன் நரோஸிலிருந்து போன். விமானம் எழும்பிச் சற்று நேரத்தில் உறைந்த ஏரியில் விழுந்துவிட்டது. விமானி, அகஸ்ரின், இரண்டு பேரையும் எடுத்துவிட்டோம். உயிர் இல்லை. விமானியின் கடிகாரம் மூன்று ஐம்பதில் நின்றிருக்கிறது.

கிளடிஸ் சிலுவை போட்டாள்.

மறுபடி மணி அடித்தது.

“அக்கா.”

அவளால் வைக்க முடியவில்லை. போன் காதோடு ஒட்டியது போலக் குளிர்ந்தது. அங்கே காற்றுச் சத்தம் இல்லை. எஞ்சின் சத்தம் இல்லை. மூச்சுச் சத்தமும் இல்லை.

“இங்கையிருந்து உங்கட கந்தோருக்கு எவ்வளவு தூரம்?”

“வரவேண்டாம் அகஸ்ரின். பிழைதான். மன்னியும்.”

“எவ்வளவு?”

“எழுநூறு மைல்,” என்று வாய் சொல்லிவிட்டது. “இல்லை, ரெண்டாயிரம். வரேலாது. வரவே ஏலாது!”

போன் செத்தது.

ஹீற்றர் நின்றது.

படியில் சத்தம். சப்பாத்துச் சத்தம் அல்ல. வெறுங்கால். ஈரமாக. மெதுவாக. இரண்டு சோடி.

கதவுக்குக் குறுக்கே மேசையை இழுத்தாள். மேசை பாதியில் சிக்கி நின்றது.

கதவுக் கண்ணாடிக்கு அப்பால், மாடி நடையின் வெள்ளை விளக்கின் கீழ், விமானியும் அகஸ்ரினும் நின்றார்கள். இமைகளில் பனிக்கட்டி. அகஸ்ரின் முகத்தைக் கண்ணாடியோடு அழுத்தியிருந்தான். வாய் அசைந்தது. கண்ணாடியில் ஆவி படியவில்லை.

இருவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்க இடம் விட்டிருந்தார்கள்.