பல்லின் சொந்தக் குழி

பிந்து டாக்டரின் பல் ஆஸ்பத்திரியில் உம்மாவையும் என்னையும் தவிர யாரும் இல்லை. மழை இருட்டு. அலமாரி நிறைய வெள்ளை மாவில் வார்த்த பல் அச்சுகள். முகமே இல்லாமல் சிரித்தன.

நான் பயப்படவில்லை. சும்மா வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

உம்மாவின் உடைந்த கடைவாய்ப் பல்லை டாக்டர் அப்போதுதான் பிடுங்கியிருந்தார். "உள்ளே எலும்பு தேஞ்சு கிடக்கு. இன்னைக்கே குழியை நிரப்பலன்னா பின்னாடி புதுப் பல்லு நிக்காது" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருந்தார்.

"ஏட்டி ரிஃபா, என் பய்யு எங்க?" வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு உம்மா கேட்டாள்.

"பல்லா? டாக்டர் கொண்டு போனாவ."

"அத மண்ணுல பொதைக்கணும்லா!"

எங்கள் வீட்டில் முடி, நகம், பல் எதையும் குப்பையில் போட மாட்டோம். முருங்கை மரத்து மூட்டில் குழி தோண்ட இடம்கூடப் பார்த்து வைத்திருந்தாள் உம்மா.

அப்போது உள்ளறையில் "கர்ர்ர்" என்று ஒரு சத்தம். அலமாரியிலிருந்த பற்கள் எல்லாம் சேர்ந்து கடகடவென்று அடித்துக்கொண்டன.

"யா அல்லா! என் பல்லை அரைக்காவளோ? எந்திரி, போவோம்!" உம்மா பையைத் தூக்கிவிட்டாள்.

போனால் குழி அப்படியே கிடக்குமே! என் கால்கள் வாசலைப் பார்த்தன. அவற்றைத் திட்டித் திருப்பி, உள்ளறைக் கதவைத் தள்ளினேன்.

மேசைமேல் சின்ன மிக்சி மாதிரி ஒரு இயந்திரம். அதன் நடுக்கத்தில் மேசை ஆடியது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அலமாரியும் ஆடியது. ஜாடிக்குள் வெள்ளைப் பொடி.

"இது... உம்மாவுக்க பல்லா?"

"பின்னே யாருக்க பல்லு மக்கா?" டாக்டர் சிரித்தார். "இதை மருந்துல கழுவி, பிடுங்கின குழியிலயே வச்சுத் தைப்பேன். இதைப் பிடிச்சுட்டு எலும்பு வளரும்."

வெளியே ஓடினேன். உம்மா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"உம்மா, பல்லைப் பொதைக்கத்தான் போறாவ!"

"எங்க?"

"உங்க வாய்க்குள்ள. அதுக்க சொந்தக் குழியிலயே. முருங்கை மூட்டைவிட அதுக்கு அங்கதானே பழக்கம்?"

உம்மா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். நாற்காலியில் சாய்ந்து, "பிஸ்மில்லாஹ்" என்று வாயைத் திறந்தாள்.

டாக்டர் பொடியைக் குழியில் வைத்துத் தைத்து முடித்தார். இயந்திரம் எப்போதோ நின்றுவிட்டது. ஒரே அமைதி.

அலமாரியில் ஒரு பல் அச்சு மட்டும் "டக்" என்றது.

நான் உம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டேன். அன்றைக்கு நான் தைரியத்தை அளவாகத்தான் கொண்டுவந்திருந்தேன்.