கட்டாத பால்

பங்குனி வெயிலில் கால்வாயே காய்ந்து வெடித்துக் கிடக்க, லயத்து வீட்டு வாசற்படியில் ஓர் அட்டை தலையைத் தூக்கி நின்றது. ரப்பர் பால் வாளியை இறக்கி வைத்த மயிலம்மாள் அதைப் பார்த்தாள். மழைக்காலத்தில் ரப்பர் நிரைகளுக்குள் காலெல்லாம் ஏறுகிற ஜந்து. காய்ந்த சிமெண்டில் ஒருநாளும் கண்டதில்லை. அதன்மேல் தூவச் சுண்ணாம்பு எடுத்துவர உடம்பில் தெம்பில்லை. தாண்டிப் போனாள்.

உள்ளே கட்டிலில் அவள் புருஷன் சன்னாசி. சிரம்பான் ஆஸ்பத்திரியில் அவன் நெஞ்சுக்குழாய் அடைப்பை எடுத்தபோது புது மருந்து ஒன்றை ஏற்றியிருந்தார்கள். அட்டையின் எச்சிலில் இருப்பதைப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் செய்ததாம், இரத்தத்தைக் கட்டவிடாதாம், சில மணி நேரத்தில் தானாகவே போய்விடுமாம். தமிழ் நர்ஸ் பொறுமையாகச் சொன்னாள்.

"பாலு கட்டாம இருக்க அமோனியா ஊத்துறோமே, அந்த மாதிரிதான் லா," என்று அன்றைக்கு அவன் சிரித்தான்.

இன்றோடு மூன்று நாள். முழங்கை மடிப்பில் ஊசி குத்திய இடத்தில் இரத்தம் இன்னும் நிற்கவில்லை. கீழே வைத்த மங்குக் கிண்ணத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது. மருந்து எப்போதோ போயிருக்கும் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் கையை விரித்துவிட்டார். டவுனுக்கு வேன் நாளைக் காலையில்தான். அதுவரை இவன் தாங்க வேண்டும்.

பாலெடுக்க மரம் வெட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உளி கையைக் கிழித்தால் புதுப்பாலைத் தடவிவிடுவார்கள். காய்ந்து தோல்போல ஒட்டிக்கொள்ளும். காலையில் தன் விரலை உளி கிழித்தபோதும் அப்படித்தான் அடைத்திருந்தாள். இப்போது அதே விரலால் வாளியிலிருந்து பாலைத் தொட்டு அவன் மடிப்பில் வைத்து அழுத்தினாள்.

பால் கட்டவில்லை. இளஞ்சிவப்பாக வழிந்தது. மறுபடி தடவினாள். மறுபடி வழிந்தது. எத்தனை தடவையோ. அவள் விரலில் ஒட்டியிருந்த ரப்பர்த் தோல் ஊறி உரிந்து போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"போதும் புள்ள. செத்த நேரம் உக்காரு," என்றான்.

கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தவள், புளித்த பாலின் வாடையும் இரத்த வாடையும் கலந்த புழுக்கத்தில், சொட்டுச் சத்தத்தை எண்ணிக்கொண்டே எப்படியோ கண்ணயர்ந்தாள்.

விழித்தபோது அந்தி மங்கியிருந்தது.

"மயிலு." அவன் குரலில் தெளிவு வந்திருந்தது. "நின்னுருச்சு, பாரேன்."

தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. கறுத்துப் பொருக்குக் கட்டியிருந்தது. மூன்று நாள் சோர்வும் ஒரே மூச்சாக வெளியே வந்தது. இனி வேன் வரும்வரை தூங்கலாம்.

சொட்.

கிண்ணத்தைப் பார்த்தாள். அசையவில்லை.

சொட்.

தன் கையைப் பார்த்தாள். உளி கிழித்த விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை இரத்த ஈரம். மடியெல்லாம் ஈரம். உட்கார்ந்திருந்த சிமெண்டெல்லாம் ஈரம்.

விரலை இறுக்கினாள். நிற்கவில்லை. சேலையைச் சுற்றினாள். நனைந்தது.

வாசலில் மெல்லிய ஒரு சரசரப்பு.

படியில் இப்போது நின்றது ஓர் அட்டையல்ல. படியே தெரியவில்லை. நிலையைத் தாண்டி, சன்னாசியின் கட்டிலுக்கு அடியில் புகுந்து, அவனைத் திரும்பியும் பாராமல் வந்தன. அவள் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றன.

எல்லாம் தலையைத் தூக்கியிருந்தன.