ஆறு வயதுப் பேரரசரின் சம்மதம்

பேரரசர் யுவான் லி காலைப் பாலைக் குடித்து முடிப்பதற்குள் இரண்டு மரண தண்டனைகளுக்கும் ஒரு படையெடுப்புக்கும் ஒப்புதல் அளித்திருந்தார். அவருக்கு வயது ஆறு. வியாழனின் துணைக்கோளில் குடியேறிய வடவெய் அரசில் அது வழக்கமான காலைதான்.

சட்டம் கண்டிப்பானது. அரசர் மனமுவந்து சம்மதித்தால்தான் அவர் காதுக்குப் பின்னால் பதித்த மனமொப்புச் சில்லு ஒளிரும்; மிரட்டினால் ஒளிராது, ஒளிராமல் எந்த ஆணையும் செல்லாது. அதனால்தான் குழந்தைகளாகப் பார்த்து அரியணையில் ஏற்றினார்கள். ஒரு எள்ளுருண்டை போதும், எதற்கும் ஒளிரும்.

தாய் மூரோங் அன்று விடிந்ததிலிருந்து மகனை விட்டு நகரவில்லை. சேனாதிபதி காவ் ஷென் முடிதுறப்பு ஆணையோடு வருகிறான். முடிதுறந்த குழந்தை எதுவும் ஒரு மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை. ஏன் என்று கேட்டவரும் இல்லை. அவனிடம் எதற்கும் தலையாட்டாதே என்று மூன்று மாதமாக மகனுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

காவ் ஷென் எள்ளுருண்டையை நீட்டினான்.

"வேணாம். உங்களை எனக்குப் பிடிக்கல," என்றார் பேரரசர்.

சில்லு ஒளிரவில்லை. மூரோங்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மரியாதைக்குத்தான் கேட்டேன்," என்றான் காவ் ஷென். "குழந்தை மறுத்தா காப்பாளர் சம்மதம் போதும். அதை நீங்க அன்னிக்கே கொடுத்துட்டீங்களேம்மா."

"நானா? எப்போ?"

அவன் காற்றில் திரையை விரித்தான். முடிசூட்டு நாளன்று மண்டபத்தில் தாய்மாருக்கு இடமில்லை. மகனை நேரலையில் பார்க்கத்தான் அவள் துடித்தாள். அதற்கு முன் குறுக்கே வந்தது ஒரு தொள்ளாயிரம் பக்க ஒப்பந்தம். அடியில் அவள் விரல்ரேகை இருந்தது. எடுத்துக்கொண்ட நேரம் முக்கால் நொடி.

"நான் அதைப் படிக்கவே இல்லையே."

"படிச்சீங்களான்னு சட்டம் கேக்காதும்மா. பூமியில இருந்த நம்ம முன்னோர் விட்டுட்டுப்போன வழக்கம். அவங்களும் யாரும் படிச்சதில்லையாம்."

பிறகு, புதிய அரசன் பணிவைக் காட்ட வேண்டும் என்ற மரபுப்படி, தனக்கு வந்த அரியணையை மூன்று முறை மறுத்தான். அதற்கென்றே ஒரு கணினி நிரல் இருந்தது; மூன்று மறுப்பும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தன.

குழந்தையை நாடுகடத்தும் விண்கலத்துக்குத் தூக்கிப் போனார்கள். மூரோங் பின்னாலேயே ஓடினாள். இனி எதையும் படிக்காமல் தொடுவதில்லை என்று ஓடும்போதே சபதம் செய்துகொண்டாள்.

வாசலில் காவல் ரோபோ மறித்தது. "துணைக்குப் போகலாம், தாயே. இந்த ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும். ஆயிரத்து இருநூறு பக்கம்."

அவள் முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தாள். கலத்தின் கதவு மெல்ல மூடத் தொடங்கியது.

"அம்மா, சீக்கிரம் வாங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

ஒரே தள்ளலில் கடைசிப் பக்கத்துக்குப் போய் விரலை வைத்தாள். உள்ளே பாய்ந்து மகனைக் கட்டிக்கொண்டாள்.

என் மகன் விஷக்காய்ச்சலில்தான் இறந்தான், யார்மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை என்று அவள் உறுதி கூறியிருந்தது எழுநூற்றுப் பதினேழாம் பக்கத்தில்.